கைப்பிடிக்கும் கைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்

ஒரு பொருளை நான்கு மாதம் வைத்துப் புழங்கினால் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று நம்புகிறவள் நான். மிக்சியோ, ஸ்கூட்டரோ, சிங்காநல்லூரில் என் பட்டறையில் இரும்பு கடையும் லேத்தோ, வாங்கலாமா வேண்டாமா என்று யாராவது கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன். அதனால்தான் போன வருடம் ஆவணியில் நான் வாங்கிய கைத்துப்பாக்கியைப் பற்றி கிளப்பில் யாராவது "எப்படிங்க இருக்குது?" என்று கேட்கும்போது ஒரே பதிலாகச் சொல்ல முடியாதது எனக்கே அவமானமாக இருந்தது. அருமையான துப்பாக்கி என்று ஒரு வாரம் சொன்னேன். இதைப் போல மட்டமான சாமான் கிடையாது என்று மறு வாரம் சொன்னேன். இரண்டும் அந்தந்த நேரத்தில் உண்மையாகத்தான் பட்டது.

துப்பாக்கி என்றதும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு முகம் மாறிவிடுகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கானது. இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் காகித வட்டத்தை, ஒரே கையை நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். ஐந்து குண்டு போடலாம். ஒன்றைச் சுட்டதும் அந்த உதைப்பிலேயே துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை மட்டும் ஒவ்வொரு முறையும் நாம் இழுக்க வேண்டும். இயந்திரங்களை வைத்து வயிறு கழுவுகிற எனக்கு, கையளவு சாமானுக்குள் இத்தனை வேலை ஒழுங்காக நடப்பதைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும்.

நாற்பத்தாறு வயதில்தான் இதற்குள் வந்தேன். பம்பு கம்பெனி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், பில் பாஸ் பண்ணுவதற்குப் பதிலாகத் தன் துப்பாக்கி சுடும் கிளப்பைச் சுற்றிக் காட்டினார். அன்று ஒரு பத்து குண்டு சுட்டேன். சுட்ட அந்தப் பத்து நிமிடத்தில் லேத் சத்தமில்லை, போன் இல்லை, லீவு கேட்டு நிற்கும் ஆள் இல்லை. மறு ஞாயிற்றுக்கிழமை கேட்காமலேயே போய் நின்றேன். அப்புறம் ஐந்து வருடம் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டேன். போன தடவை மாநிலப் போட்டியில் தேசியப் போட்டிக்குப் போகத் தேவையான மதிப்பெண்ணுக்கு ஏழு புள்ளி குறைந்தது. பத்துப் பேர் கை மாறும் துப்பாக்கியில் ஏழு புள்ளிதான் குறைந்தது, சொந்தத் துப்பாக்கி இருந்தால் தாண்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தை மாதத்தில் வரும் அடுத்த போட்டியில் அந்த ஏழு புள்ளியை எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஐம்பத்தொரு வயது ஆகிவிட்டது, இன்னும் எத்தனை போட்டி என்ற பயமும் இருந்தது.

லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன், விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தார். என்னிடம் நான்கு கேள்வி கேட்டுவிட்டு, மற்றதெல்லாம் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஏனுங்க சார், ஊட்டுல இது இருந்தா உங்களுக்கு ஒண்ணும் பயமில்லீங்களே?"

"அவ வெறுங்கையோட இருக்கறப்பவே பயந்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார் இவர். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். நான் பட்டறைக்கு ஓட, வீட்டுக் காரியங்களை அவர்தான் பார்க்கிறார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்குத் தேவையான சத்தத்தை நானே போட்டுவிடுகிறேன்.

துப்பாக்கி புதிதல்ல. கிளப்பில் சுடுவதை நிறுத்திவிட்ட மூத்த உறுப்பினர் ஒருவர், முறைப்படி அனுமதி வாங்கி எனக்குக் கைமாற்றினார். ஆடியில் வாங்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதால் ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தேன். ஒரு கிலோவுக்கு மேல் எடை. விசை இழுபடுவது ஒரே சீராக, வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இருந்தது. மரக் கைப்பிடி மட்டும் அவருடைய பெரிய கைக்குச் செதுக்கியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு வாதுமை மரக் கட்டை வாங்கி, நானே அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு வாரத்தில் என் கைக்கு அச்சாக ஆக்கினேன். கடைசியில் பிடித்துப் பார்த்தபோது உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழைய இடமில்லை. பழக்க தோஷத்தில், பட்டறையில் தடிமன் பார்க்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கைப்பிடியின் தடிமனை மூன்று இடத்தில் அளந்து, சுடும் பயிற்சிக் குறிப்பு எழுதும் நோட்டில் குறித்தும் வைத்தேன்.

ஆவணியும் புரட்டாசியின் முதல் பாதியும் நன்றாகப் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியிலேயே அந்த ஏழு புள்ளியைத் தாண்டினேன். தலைகால் புரியவில்லை. வரும் வழியில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு அருகே வண்டியை நிறுத்தி, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் லேத்துகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து முடித்தோம். துப்பாக்கியைப் பட்டறைக்கு எடுத்துப் போகக் கூடாது. அதனால் வீட்டுப் பூஜையறையில், என் வெர்னியர், ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மனை, மிக்சி ஜார் வரிசையில், குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு நான்தான் அதைப் பலகைமேல் வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே. நான் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது இவர் வரிசையாக எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். மிக்சி ஜாருக்கு ஒரு பொட்டு, சாவிக்கு ஒரு பொட்டு. துப்பாக்கிக்கு மட்டும் மூன்று விரலால் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்தியும் வைத்தார்.

"போட்டிக்குப் போறதாச்சுங்களே, கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்" என்று சாமியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மறுநாள் காலை ஈரத் துணியால் துடைத்து, எண்ணெய் போட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நான்காவது குண்டு சுட்டதும் துப்பாக்கி நின்றுபோனது. காலிக் கூடு முழுதாக வெளியே விழாமல், மேலே புகைபோக்கி மாதிரி செங்குத்தாகச் சிக்கிக்கொண்டு நின்றது. முனையைக் குறிப்பலகைப் பக்கமே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். கிளப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் கோச் வந்து எடுத்துவிட்டார். அடுத்த ஐந்தில் மூன்றாவது சிக்கியது. அதற்கடுத்த ஐந்தில் மறுபடியும் நான்காவது. போட்டியில் இப்படி ஒரு முறை சிக்கினால் திரும்பச் சுட விடுவார்கள். திரும்பத் திரும்பச் சிக்கினால் அந்தக் குண்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஏழு புள்ளியை எடுக்கப் போனவள் எழுபது புள்ளியை விட்டுவிட்டு வருவேன்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த மூன்று விரல் சந்தனம்தான். மூக்குக்கு மேல் கோபம் ஏறியது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா? அத்தன சந்தனத்தக் கொண்டாந்து அதுல அப்பி, மெஷினக் கெடுத்துப்போட்டீங்களே. அது என்ன, அம்மிக்கல்லுங்களா?"

எங்கள் ஊரில் எவ்வளவு திட்டினாலும் அந்த 'ங்க' மட்டும் போகாது. கேட்பவருக்கு அதில் என்ன ஆறுதல் என்று தெரியவில்லை. இவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆமா அம்மணி, தப்புத்தான். கொஞ்சமா வெச்சிருக்கோணும்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் கோச் விமானப்படையில் ஆயுதப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்று, சூலூரிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். துப்பாக்கியைத் துண்டு துண்டாகப் பிரித்துத் துடைத்தார். ஒரு ஓரத்தில் மஞ்சளாக, நகக்கண் அளவு காய்ந்த சந்தனம் இருந்தது. "இங்க பாருங்க" என்றேன் வெற்றியோடு.

"பார்த்தனுங்க மேடம். ஆனா இது வெளிப்பக்கம். இதனால நிக்காதுங்க. இருந்தாலும் தொடச்சாச்சு."

வீட்டில் வந்து நான் சொன்னது, "சந்தனம் இருந்துச்சுங்களாம்" என்று மட்டும்தான். மீதியைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது யோசித்துப் பார்க்கவும் இல்லை.

துடைத்த பிறகும் சிக்கியது. அதன் பின் ஐப்பசி முழுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குண்டு மட்டமோ என்று வேறு கம்பெனிக் குண்டு வாங்கினேன். குண்டு போடும் மேகசினை மாற்றினேன். கோச்சைக் கேட்டுச் சுருள்வில்லைப் புதிதாகப் போட வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒழுங்காக ஓடும், மறுநாள் பழைய கதை. எனக்கு மண்டை காய்ந்துபோனது. பட்டறையில் ஒரு இயந்திரம் தப்பாக ஓடினால் ஏதாவது ஒரு ஒழுங்கோடுதான் தப்பு செய்யும். பேரிங் போனால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம். இதில் அப்படி ஒன்றும் பிடிபடவில்லை. முதல் இரண்டு குண்டு எப்போதும் நன்றாகப் போகும், மூன்றாவதிலோ நான்காவதிலோ சிக்கும், அது மட்டும்தான் தெரிந்தது.

பொறுக்கமாட்டாமல் கோச்சிடமே கொடுத்து, நீங்கள் சுட்டுப் பாருங்கள் என்றேன். முப்பது குண்டு சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. பக்கத்துத் தடத்தில் இருந்த கல்லூரிப் பெண், குச்சி மாதிரி இருப்பாள், கோச் பக்கத்தில் நிற்க அவள் இருபது சுட்டாள். காலிக் கூடுகள் வலப்பக்கம் அழகாகத் துள்ளித் துள்ளி விழுந்தன. நான் வாங்கிச் சுட்டேன். மூன்றாவதில் நின்றது.

"கையை இன்னும் கொஞ்சம் இறுக்கமா வெய்யுங்க மேடம். பின்னால கை உறுதியா நின்னாத்தான் அது முழுசாப் போயிட்டு வரும்."

"இறுக்கமாத்தானுங்க பிடிச்சிருக்கறேன்."

"இறுக்கமாப் பிடிச்சிருக்கற மாதிரி இருக்குதுங்களா, பிடிச்சிருக்கறீங்களா?"

இதென்ன கேள்வி என்று அவரை முறைத்தேன். என் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாமல் கோச்சுக்கா தெரியும்? இருபத்தைந்து வருடமாக லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் இறுக்கிய கை இது. அன்று அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பூஜைக்கு முன்னால் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை என்று தேதிவாரியாக எழுதி கோச்சிடம் காட்டுவது என்று உட்கார்ந்தேன். காட்ட முடியவில்லை. பூஜைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், நான் மைசூர்பாகு வாங்கிய அதே ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தின் கடைசியில் என் எழுத்திலேயே இருந்தது: "நாலாவது குண்டு சிக்கல், ஒரு தடவை. குண்டு சரியில்லை போல." சந்தோஷத்தில் அதை மறந்தே போயிருக்கிறேன். அதற்கு முந்தின வாரமும் ஒன்று இருந்தது. அப்படியென்றால் சந்தனம் காரணமில்லை. சமையலறையில் இவர் ரசத்துக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். சந்தனமும் இல்லை, குண்டும் இல்லை, மேகசினும் இல்லை என்றால் வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த மூன்று விரல் பட்டை எனக்குத் தேவைப்பட்டது. அதற்குப் பின்னும் இரண்டு தடவை அதை வைத்தே அவரைக் குத்திக்காட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்தேன்.

கார்த்திகையில் வேறொன்று கண்ணில் பட்டது. வெற்றுத் துப்பாக்கியை வீட்டில் கையில் பிடித்துச் சுவரைப் பார்த்து நின்று பழகும் பயிற்சி ஒன்று உண்டு. அப்போது கட்டைவிரலின் அடிச்சதைக்கும் கைப்பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தாள் நுழையாத இடம் அது. ஃபீலர் கேஜ் என்று மெல்லிய தகடுகள் விசிறி மாதிரி கோத்த அளவுகோல் ஒன்று எங்கள் தொழிலில் உண்டு, இடுக்கு எவ்வளவு என்று பார்க்க. இடது கையால் அதை ஒவ்வொரு தகடாக நுழைத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். மரம் சுருங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கதவே சுருங்கும், இது எம்மாத்திரம்? உறுதி செய்ய வெர்னியரை எடுத்து அதே மூன்று இடங்களில் கைப்பிடியை அளந்தேன். நோட்டில் இருந்த அளவோடு ஒப்பிட்டேன். மூன்றும் அப்படியே இருந்தன. மறுபடி அளந்தேன். பட்டறையிலிருந்து இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து அளந்தேன். மரம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. ஆனால் இடுக்கு மட்டும் இருந்தது. அன்றைய பக்கத்தில் "புரியவில்லை" என்று ஒரே சொல் எழுதி வைத்திருக்கிறேன்.

புரியாவிட்டால் என்ன, அடைத்துவிடலாம் என்று மரப்புட்டி வாங்கி அந்த இடத்தில் அப்பி, கையை வைத்து அழுத்தி, காய்ந்ததும் தேய்த்தேன். மறுபடி தாள் நுழையாமல் பொருந்தியது. சிக்கல் குறைந்த மாதிரிகூட இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடி வெளிச்சம். போட்டிக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கைப்பிடியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கோச்சிடம் போனேன். கிளப் வராந்தா மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி, மரம் அளவு மாறவில்லை, இடுக்கு மட்டும் வருகிறது, இது எப்படி சாத்தியம் என்று கேட்டேன். அவர் மூன்று அளவுகளையும் பொறுமையாகப் பார்த்தார். பிடித்துக் காட்டச் சொன்னார். பார்த்தார்.

"மேடம், துப்பாக்கியை வெச்சுட்டு ரெண்டு கையையும் மல்லாத்தி மேஜை மேல வெய்யுங்க."

வைத்தேன். இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக, இட்லி மாதிரி உப்பி இருந்தது. வலது கையில் அந்த இடம் தட்டையாக இருந்தது. தட்டைகூட இல்லை, லேசாகக் குழிந்திருந்தது. ஐம்பத்தொரு வருடமாக என்னோடு இருக்கும் கை. தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன். நான் மரத்தை அளந்தேன், மைக்ரோமீட்டர் வைத்துக்கூட அளந்தேன், கையை அளக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"மரத்துப்போகுதுங்களா?"

"வண்டி ஓட்டுனா விரல் மூணும் கொஞ்சம் ஜிவ்வுனு இருக்கும். எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே."

"எல்லாருக்கும் இருக்காதுங்க. டாக்டரப் பாருங்க. நாளைக்கே பாருங்க" என்றார். அவர் குரலில் கோச்சுக்குரிய கறார் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நரம்பு டாக்டர் என் விரல்களில் ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார், சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்துச் சோதித்தார். மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது, வெகுநாளாகவே நசுங்கியிருக்கிறது, அதனால்தான் பிடி தளர்ந்து சதை வற்றுகிறது என்றார். முதல் இரண்டு குண்டுக்கு உறுதியாக நிற்கும் கை, மூன்றாவதில் எனக்கே தெரியாமல் விட்டுக்கொடுத்திருக்கிறது. கை பின்னால் நழுவினால் துப்பாக்கி எப்படி முழுதாக ஓடும்? சின்ன அறுவை சிகிச்சைதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப் போடக் கூடாது என்றார். தை மாதத்தில் ஒரு போட்டி இருக்கிறது என்றேன். என்ன போட்டி என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நரம்பு திரும்பிவிடும், போன சதை முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து கோச்சுக்குப் போன் செய்து, போட்டிப் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். பெயர் போனதற்காகவா, கைக்காகவா, ஒன்றும் தெரியாத அந்தத் துப்பாக்கியை மூன்று மாதம் வைததற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இவர் காபிக்குப் பால் வைத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் அடுப்பைச் சிறிதாக்கினார்.

"இன்னொண்ணுங்க. அந்தச் சந்தனத்தால ஒண்ணும் ஆகலை. எனக்கு ஐப்பசியிலயே தெரியும். தெரிஞ்சும் உங்களத்தான் சொல்லிட்டிருந்தேன்."

"எனக்கும் தெரியும் கண்ணு" என்றார்.

"என்ன தெரியும்?"

"சந்தனம் இல்லைன்னு. உன்ற கைன்னு."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆனி மாதத்திலிருந்து என்றார். அதாவது நான் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பிருந்து. ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் நான் முந்தானையை வைத்துத் திருகிப் பார்த்துவிட்டு, அப்படியே அலமாரியில் திரும்ப வைத்ததைப் பார்த்தாராம். அப்புறம் இரண்டு முறை டம்ளர் நழுவியதாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் நான் எழுவதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டில், சர்க்கரை டப்பா, காபித்தூள் டப்பா எல்லாவற்றின் மூடியையும் திருகிவிட்டு, மூடின மாதிரி சும்மா மேலே வைத்துவிடுவாராம்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறியதற்காக அந்த ஆறு மாதத்தில் நான் அவரிடம் போட்ட சத்தம் அக்கம்பக்கத்துக்கே தெரியும். ஒரு மூடியை ஒழுங்காக மூடத் தெரியாத மனுஷர் என்று என் தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபடவே.

"ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை? டாக்டர்கிட்டயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கலாமல்லங்க?"

"ரெண்டு தடவை சொன்னேன். எனக்கென்ன கேடுன்னு கேட்டே. அப்பறம் லைசென்ஸ் வந்துருச்சு. அஞ்சு வருசமா ஆசைப்பட்டது, கொஞ்ச நாளைக்காச்சும் சுடட்டும்னு விட்டுட்டேன். அது தப்புத்தான். கை போற அளவுக்குன்னு நினைக்கலை அம்மணி." அவர் குரல் உடைந்தது. முப்பது வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

கோபப்படலாமா, காலில் விழலாமா, இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது. மேடைமேல் சர்க்கரை டப்பா இருந்தது. மூடியைத் தொட்டேன், தொட்டதும் நகர்ந்தது. அதை அவர் பக்கம் தள்ளினேன்.

"இனிமே இறுக்கியே மூடுங்க. எனக்கு வேணும்னா நானே கேக்கறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை எடுத்து, மூடியை நன்றாகத் திருகி இறுக்கி என் முன்னால் வைத்தார். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"ஏனுங்க, காபிக்குச் சர்க்கரை போடோணும்" என்றேன். "கொஞ்சம் திறந்து குடுங்க."